கண்ணிழந்த பின்பும் கண்ட அழகு

புரட்டாசிக் கடைசியில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு, நம் வடமதுரைப் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் நடந்தவர்களுக்குத் தெரியும்: ஒரே வாரத்தில் நம் ஊர் வேறு ஊராகிவிடும். சித்திரையிலும் வைகாசியிலும் வெடித்துக் கிடந்த செம்மண்ணில் புல் முளைத்திருக்கும். கரட்டு மேடெல்லாம் ஆவாரஞ்செடி மஞ்சளாகப் பூத்திருக்கும். வேலியோரத்தில் கண்வலிப்பூ தீச்சுடர் போலத் தலை நிமிர்த்தி நிற்கும். சிவப்புப் பட்டுத் துணியில் வெட்டி எடுத்தது போன்ற தம்பலப்பூச்சிகள் ஈர மண்ணில் ஊர்ந்து போகும். தெற்கே சிறுமலையின் மேல் மேகம் படுத்திருக்கும். கிழக்கே அய்யலூர்ப் பக்கத்து மலைகள் கழுவிவிட்டது போல நீலமாகத் தெரியும்.

மேலை நாடுகளில் இந்த மாதங்களை இலையுதிர் காலம் என்கிறார்கள். நமக்கோ இது இலை துளிர்க்கும் காலம். நம் முன்னோர் ஆவணியையும் புரட்டாசியையும் கார் என்றும், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றும் அழைத்தனர். திருச்சபையும் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரையுள்ள நாள்களைப் படைப்பின் காலம் என்று பெயரிட்டுக் கொண்டாடுகிறது. அந்தக் காலம் நிறைவடைகிற அக்டோபர் 4, புனித அசிசி பிரான்சிசின் திருநாள். அவர் இறந்த 1226ஆம் ஆண்டிலிருந்து எண்ணினால் 2026இல் எண்ணூறு ஆண்டுகள் நிறைவடைகின்றன.

அன்பிற்குரிய இறைமக்களே, அந்தப் புனிதரைப் பற்றிச் சிந்திக்குமுன் நம் பங்கில் நடந்த ஒரு சிறு நிகழ்வைச் சொல்ல வேண்டும். இதை எழுதும் நமக்குச் சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. தினமும் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், காலைத் திருப்பலி முடிந்ததும் காட்டுப் பாதையில் நடப்பது வழக்கம். ஒரு முதல் வெள்ளியன்று, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்றபோது, கண்பார்வை முழுவதும் போய் வீட்டோடு இருக்கும் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். நற்கருணை வாங்கி, செபித்து முடித்த பின் அவர் நம்மைப் பார்த்து, இல்லை, நம் குரல் வந்த பக்கம் திரும்பி, சில கேள்விகள் கேட்டார். சாமி தினமும் நடக்கிற பாதையில் ஆவாரை பூத்துவிட்டதா, சிறுமலையில் மேகம் இறங்கியதா, ஓடையில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டார்.

நம்மிடம் பதில் இல்லை. ஆறு மாதமாக அதே பாதையில்தான் நடந்திருக்கிறோம். ஆனால் எத்தனை அடி நடந்தோம் என்று கைப்பேசியைப் பார்த்திருக்கிறோமே தவிர, ஆவாரை பூத்ததா என்று பார்க்கவில்லை. மனமெல்லாம் கோவில் கட்டடக் கணக்கிலும், முடிக்க வேண்டிய கடிதங்களிலும் இருந்தது. கண் இல்லாதவர் கேட்கிறார், கண் உள்ளவருக்குத் தெரியவில்லை. அன்று வீடு திரும்பும்போது நம் நினைவுக்கு வந்தவர் அசிசியின் பிரான்சிஸ். ஏனென்றால் அவருடைய வாழ்க்கையும், இயற்கையைப் பார்த்தும் மகிழ முடியாமல் போன ஒரு நடையில்தான் திரும்பத் தொடங்கியது.

மகிழ்ச்சி தராத ஒரு நடை

இத்தாலி நாட்டின் நடுவில் உம்பிரியா என்ற மலைநாடு இருக்கிறது. அங்கே சுபாசியோ மலையின் சரிவில் அமைந்த ஊர் அசிசி. ஊருக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் தானிய வயல்களும். அந்த ஊரில் 1181 அல்லது 1182இல் பிரான்சிஸ் பிறந்தார். தந்தை பியெத்ரோ தி பெர்னார்தோனே, பிரான்சு நாட்டுச் சந்தைகள் வரை போய் வந்த பெரிய துணி வியாபாரி. தாய் பீக்கா. திருமுழுக்கில் யோவான் என்று பெயரிட்டார்கள். வியாபாரப் பயணத்திலிருந்து திரும்பிய தந்தைதான் பிரான்சிஸ் என்று அழைத்தார்.

இளைஞர் பிரான்சிசுக்குக் குறை ஒன்றும் இல்லை. நல்ல உடை, கையில் தாராளமான பணம், சுற்றிலும் நண்பர்கள், இரவெல்லாம் பாட்டு. போர்வீரராகிப் பெயர் வாங்க வேண்டும் என்பது அவருடைய கனவு. 1202இல் அசிசிக்கும் அண்டை நகரான பெருஜியாவுக்கும் நடந்த போரில் கலந்துகொண்டு, பிடிபட்டு, ஏறத்தாழ ஓராண்டு சிறையில் கிடந்தார். விடுதலையாகி வந்த பின் நீண்ட நாள் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது.

நோய் சற்றுக் குறைந்ததும் ஒரு நாள் கம்பை ஊன்றிக்கொண்டு ஊருக்கு வெளியே நடந்தார். பள்ளத்தாக்கின் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்தார். சிறு வயது முதல் அவருக்கு மகிழ்ச்சி தந்த காட்சிகள் அவை. ஆனால் அன்று அவற்றில் எதுவும் அவர் மனத்தைத் தொடவில்லை. அழகு அங்கேதான் இருந்தது, மகிழ்ச்சி வரவில்லை. தமக்கு என்ன ஆயிற்று என்று அவரே வியந்தார். அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ ஊர் தோமா என்ற துறவி, இந்தச் சிறு நிகழ்வை விட்டுவிடாமல் பதிவு செய்திருக்கிறார்.

இயற்கையின் நண்பர் என்று உலகமே போற்றும் ஒருவருடைய கதை, இயற்கையை ரசிக்க முடியாத ஒரு நாளில் தொடங்குகிறது என்பது நமக்கு ஆறுதலான செய்தி. வயலைப் பார்க்கக் கண் மட்டும் போதாது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மனம் எதனால் நிரம்பியிருக்கிறது என்பதே முக்கியம். கடனும் கவலையும், ஆசையும் போட்டியும் நிரம்பிய மனத்தோடு நடந்தால், சிறுமலை முழுவதும் பூத்துக் குலுங்கினாலும் நமக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் விட்ட பிறகு வந்த பாட்டு

அதன் பின்னும் பிரான்சிஸ் உடனே மாறிவிடவில்லை. 1205இல் மறுபடி குதிரையும் ஆயுதமும் வாங்கிக்கொண்டு போருக்குப் புறப்பட்டார். ஸ்பொலேத்தோ என்ற ஊரில் இறைவனின் குரல் அவரைத் திருப்பி அனுப்பியது. பிறகு ஒரு நாள், வழியில் தாம் பெரிதும் அருவருத்த தொழுநோயாளி ஒருவரைக் கண்டார். குதிரையிலிருந்து இறங்கி, அவர் கையில் காசு வைத்து, அவரை முத்தமிட்டார். கசப்பாக இருந்தது தமக்கு இனிப்பாக மாறிய நாள் அது என்று பிற்காலத்தில் தம் இறுதி விருப்ப மடலில் அவரே நினைவுகூர்ந்தார். ஆக, அவர் முதலில் கற்றுக்கொண்டது பூவைப் பார்க்க அல்ல; யாரும் பார்க்க விரும்பாத மனிதரின் முகத்தைப் பார்க்க.

பாழடைந்து கிடந்த தமியானோ ஆலயத்தில் சிலுவையில் தொங்கும் ஆண்டவர், இடிந்து விழும் தம் வீட்டைச் சீரமைக்கும்படி தம்மிடம் கேட்பதாக உணர்ந்தார். தந்தையின் கடையிலிருந்த துணிகளையும் குதிரையையும் விற்று அந்தப் பணத்தை ஆலயத்துக்குக் கொடுக்கப் போனார். தந்தை வழக்குத் தொடுத்தார். 1206இல் அசிசி ஆயர் குயிதோவின் முன்னிலையில், பணத்தை மட்டுமல்ல, உடுத்தியிருந்த உடையையும் கழற்றித் தந்தையிடம் கொடுத்துவிட்டார். இனி விண்ணகத் தந்தை ஒருவரே தமக்குத் தந்தை என்று அறிக்கையிட்டார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ஒன்றுமில்லாத மனிதராக, குளிர்காலத்துப் பனி கிடந்த காட்டு வழியே அவர் நடந்து போனார். போகும்போது உரத்த குரலில் பிரெஞ்சு மொழியில் இறைப்புகழ் பாடிக்கொண்டே போனார். வழியில் கள்வர்கள் பிடித்தார்கள். பிடுங்க ஒன்றும் இல்லாததைக் கண்டு அடித்துப் பனிக்குழியில் தள்ளிவிட்டுப் போனார்கள். பிரான்சிஸ் எழுந்து, பனியைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கினார். பட்டு உடையோடு நடந்தபோது வராத மகிழ்ச்சி, கந்தலோடு நடந்தபோது வந்துவிட்டது.

இதற்குக் காரணம் என்ன? அவருடைய வாழ்க்கையில் வரும் மற்றொரு நிகழ்வு விளக்கம் தருகிறது. சொத்து எதுவும் இல்லாமல் வாழ்வது மிகக் கடினம் அல்லவா என்று ஆயர் ஒரு முறை கேட்டார். சொத்து வைத்துக்கொண்டால் அதைக் காப்பாற்ற ஆயுதமும் வேண்டியிருக்கும். அதிலிருந்து வழக்கும் சண்டையும் பிறந்து, கடவுளன்பையும் பிறரன்பையும் தடுத்துவிடும் என்று பிரான்சிஸ் பதில் சொன்னார். நம் ஊரில் ஒரு சாண் வரப்புக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருக்கும் வீடுகளை நாம் அறிவோம். அந்த வரப்பில் நடக்கும்போது அவர்கள் கண்ணுக்கு அளவுக்கல் தெரியும். அதன் பக்கத்தில் பூத்திருக்கும் தும்பைப் பூ தெரியாது. இது என் நிலம், அது உன் நிலம் என்ற எண்ணம் விலகியபோதுதான், அசிசியின் பள்ளத்தாக்கு முழுவதும் கடவுளின் கொடையாக பிரான்சிசுக்குத் தெரிந்தது.

நடந்தே வாழ்ந்த சகோதரர்கள்

விரைவில் தோழர்கள் சேர்ந்தார்கள். 1209இல் திருத்தந்தை மூன்றாம் இன்னசெண்ட் அவர்களுடைய வாழ்க்கை முறைக்கு வாய்மொழியாக ஒப்புதல் அளித்தார். 1212இல் அசிசியின் உயர்குடிப் பெண் கிளாரா, குருத்து ஞாயிறு இரவில் வீட்டைவிட்டு வந்து இதே வழியில் சேர்ந்தார். சிறிய சகோதரர்கள் என்று தங்களை அழைத்துக்கொண்ட அந்தத் துறவிகள் இருவர் இருவராக நடந்தே ஊர் ஊராகச் சென்றார்கள். பணம் தொடவில்லை. வயலில் கூலி வேலை செய்தார்கள், கிடைத்ததை உண்டார்கள், கிடைக்காதபோது கேட்டு வாங்கினார்கள். பிரான்சிஸ் இத்தாலி முழுவதும் நடந்தார். சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த 1219இல் எகிப்துக்குப் போய், ஆயுதம் எதுவும் இன்றிச் சுல்தான் அல் காமிலைச் சந்தித்து மரியாதையோடு பேசித் திரும்பினார்.

இந்த நடைகளில் அவர் கண்ட ஒவ்வொன்றும் அவருக்குச் சகோதரன், சகோதரி ஆயிற்று. பெவாஞ்ஞா என்ற ஊருக்கு அருகில் கூட்டமாக இருந்த பறவைகளைக் கண்டு, உடை தந்து உணவு தரும் படைத்தவரை மறக்காமல் புகழும்படி அவற்றுக்கு மறையுரை ஆற்றினார் என்பது நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட கதை. ஆனால் அதைவிடச் சிறிய செயல்களை அவருடைய தோழர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதையில் ஊரும் புழுவை மிதிபடாமல் எடுத்து ஓரமாக விடுவார். குளிர்காலத்தில் தேனீக்கள் செத்துவிடாதபடி தேனும் திராட்சை இரசமும் வைக்கச் சொல்வார். விறகு வெட்டப் போகும் சகோதரரிடம், மரம் மீண்டும் துளிர்க்கும்படி அடிமரத்தை விட்டு வெட்டுமாறு கேட்டுக்கொள்வார். தோட்டக்காரச் சகோதரரிடம், முழு நிலத்திலும் காய்கறி போடாமல், ஓரத்தில் பசும்புல்லும் பூக்களும் தானாக வளர ஒரு பகுதியை விட்டுவைக்கச் சொல்வார்.

அந்த ஓரப் பகுதியைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்ப்போம். நம் ஊரிலும் முன்பு வயலைச் சுற்றி உயிர்வேலி இருந்தது. கிளுவையும் கள்ளியும் பிரண்டையும் அதில் இருந்தன. அணிலும் ஓணானும் செம்போத்தும் அதில் குடியிருந்தன. இரவில் தேவாங்கு அதில் பூச்சி தேடி வந்தது. பயிருக்குக் கேடு செய்யும் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவும் அந்தச் சிறு உயிரைக் காக்கவே, 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அது. நம் அய்யலூர்ப் பக்கத்துக் காடுகளுக்கு இந்தப் பெருமை கிடைத்திருக்கிறது. ஆனால் வேலியை வெட்டிக் கம்பி போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் ஓரத்தையும் மருந்தடித்துக் கருக்கிவிட்டால், அந்த உயிர்கள் எங்கே போகும்? எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓரத்தை விட்டுவைக்கச் சொன்ன புனிதரின் அறிவுரை, இன்றைக்கு நம் வரப்புக்கும் பொருந்துகிறது.

இலையுதிர் காலத்து மலை

பிரான்சிசுக்கு வயது ஏறுமுன்பே உடல் தளர்ந்துவிட்டது. எகிப்துப் பயணத்தில் தொற்றிய கண்நோய் ஆண்டுக்கு ஆண்டு முற்றியது. இரைப்பை நோயும் காய்ச்சலும் அவரை விடவில்லை. அவர் தொடங்கிய சபை ஆயிரக்கணக்கில் பெருகியதால் வந்த கருத்து வேறுபாடுகள் அவர் மனத்தை வேறு வருத்தின. 1223 நவம்பர் 29 அன்று திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ் சபையின் ஒழுங்கு நூலுக்கு ஒப்புதல் தந்தார். அந்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில், கிரேச்சோ என்ற மலையூரில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து பிரான்சிஸ் அமைத்த குடிலின் நினைவாகவே இன்று நாம் வீட்டுக்கு வீடு குடில் வைக்கிறோம்.

1224ஆம் ஆண்டு ஆகஸ்டில், சில தோழர்களோடு லா வெர்னா மலைக்கு ஏறினார். பெரிய பாறைகளும், பீச் மரமும் ஊசியிலை மரமும் நிறைந்த தனிமையான மலை அது. ஓர்லாந்தோ என்ற பிரபு 1213இல் அதைச் செபத்துக்கென அவருக்குத் தந்திருந்தார். அதிதூதர் மிக்கேலின் நினைவாக, மரியாவின் விண்ணேற்புத் திருநாள் முதல் செப்டம்பர் 29 வரை நாற்பது நாளுக்கு மேல் நோன்பிருந்தார். அங்கே கூடு கட்டியிருந்த வல்லூறு ஒன்று, நள்ளிரவுச் செப நேரத்தில் குரல் கொடுத்து அவரை எழுப்பி வந்ததாம். அவர் மிகவும் நோயுற்றிருந்த நாள்களில், அது சற்றுப் பொழுது தாழ்த்தி, விடியலை ஒட்டி மெதுவாகக் குரல் கொடுத்ததாம். நம் வீட்டில் நோயாளி இருக்கும்போது கதவை ஓசைப்படாமல் சாத்துவோமே, அப்படி.

திருச்சிலுவை மகிமைத் திருநாளை ஒட்டிய நாள்களில், அந்த மலையில் இயேசுவின் ஐந்து காயங்களை பிரான்சிஸ் தம் உடலில் பெற்றார். செப்டம்பர் முடியும் நேரத்தில், மலைக்காட்டின் இலைகள் நிறம் மாறத் தொடங்கும் காலத்தில், மலையிடம் விடைபெற்று இறங்கினார். பாதங்களில் காயம் இருந்ததால் நடக்க முடியவில்லை. கழுதை மேல் ஏற்றிக் கூட்டிச் சென்றார்கள். வாழ்நாளெல்லாம் நடந்தே திரிந்த மனிதருக்கு நடையும் போய்விட்டது.

இருட்டறையில் பிறந்த புகழ்ப்பாடல்

நடை போனது, அடுத்துப் பார்வையும் போனது. 1225இல் அவரைத் தமியானோ ஆலயத்தை ஒட்டிய ஒரு சிறு குடிசையில் படுக்க வைத்தார்கள். பகல் வெளிச்சமும் இரவில் விளக்கொளியும் கண்ணில் பட்டால் தாங்க முடியாத வலி. ஐம்பது நாளுக்கு மேல் இருட்டிலேயே கிடந்தார். போதாதென்று எலிகள் மேலே ஓடி அவரைத் தூங்கவும் உண்ணவும் விடாமல் துன்புறுத்தின. ஒரு நாள் இரவு, தம்மீது தமக்கே இரக்கம் வந்து, இதைத் தாங்கும் பொறுமையைத் தரும்படி ஆண்டவரிடம் மன்றாடினார். விண்ணரசு தமக்கு உரியது என்ற உறுதியை ஆண்டவர் அவருக்கு அளித்தார். விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, தம் ஊர்ப் பேச்சு மொழியிலேயே ஒரு பாடலை இயற்றித் தோழர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இத்தாலிய இலக்கியத்தின் மிகப் பழைய கவிதைகளில் ஒன்றாக அறிஞர்கள் கருதும் படைப்புகளின் பாடல் அதுதான்.

அந்தப் பாடலில் என்ன இருக்கிறது? தம் கண்ணைச் சுட்டுக்கொண்டிருந்த சூரியனைச் சகோதரன் என்று அழைத்து, அதற்காகக் கடவுளைப் புகழ்கிறார். இனித் தாம் காண முடியாத நிலவுக்காகவும் விண்மீன்களுக்காகவும் புகழ்கிறார். காற்று, தண்ணீர், நெருப்பு, பூவும் கனியும் தரும் அன்னை பூமி என்று ஒவ்வொன்றாக அழைக்கிறார். தெளிந்த வானத்துக்கு மட்டுமல்ல, மேகம் மூடிய வானத்துக்கும், எல்லாப் பருவநிலைக்கும் சேர்த்து நன்றி சொல்கிறார். ஐப்பசி மழை பொய்த்தால் கடவுளைக் குறை சொல்லி, அதே மழை தக்காளி பறிக்கும் நேரத்தில் கொட்டினாலும் குறை சொல்லும் நாம், இந்த இடத்தில் சற்று நின்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கம்பை ஊன்றி நடந்த இளைஞருக்குக் கண் தெளிவாக இருந்தது, மகிழ்ச்சி இல்லை. இருட்டறையில் கிடந்த நோயாளிக்குக் கண் இல்லை. ஆனால் உலகம் முழுவதும் அவருக்குள் பாடிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு நாள்களுக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எதையும் தம் உடைமையாகப் பார்க்காமல், எல்லாவற்றையும் தந்தையின் கையிலிருந்து வந்த கொடையாகப் பார்ப்பது.

பிறகு ரியெத்தி அருகே, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காதருகிலிருந்து புருவம் வரை சுட்டுக் கண்நோயைக் குணமாக்க முயன்றார்கள். உடனிருந்த சகோதரர்கள் பார்க்கத் தாங்காமல் ஓடிவிட்டார்கள். பிரான்சிஸ் நெருப்பைச் சகோதரனே என்று அழைத்து, தம்மிடம் கனிவாக நடந்துகொள்ளும்படி கேட்டுக்கொண்டார். அசிசி ஆயரும் நகரத் தலைவரும் பகைத்துக்கொண்டபோது, மன்னிப்போரைப் பற்றிய வரிகளைப் பாடலில் சேர்த்து, இருவர் முன்னிலையிலும் பாடும்படி சகோதரர்களை அனுப்பினார். பாடல் முடிந்ததும் இருவரும் மனம் இளகி ஒப்புரவானார்கள். சூரியனையும் தண்ணீரையும் பற்றிய பாட்டு, மனிதரின் பகையைத் தீர்த்து வைத்தது.

வானம்பாடிகள் வந்த மாலை

1226 செப்டம்பர் கடைசியில், தம் முடிவு நெருங்குவதை அறிந்து, அசிசிக்குக் கீழேயுள்ள போர்சியுங்கோலா என்ற சிற்றாலயத்துக்குத் தூக்கிச் செல்லச் சொன்னார். பாதி வழியில் கட்டிலைத் தரையில் இறக்கி, ஊரை நோக்கித் திருப்பச் செய்தார். ஊரைப் பார்க்க அவருக்குப் பார்வை இல்லை. ஆனாலும் அந்தத் திசையில் கையை உயர்த்தித் தாம் பிறந்த ஊரை ஆசீர்வதித்தார். சாவையும் சகோதரி என்று அழைக்கும் வரிகளைப் பாடலில் சேர்த்தார். வெறும் தரையில் தம்மைக் கிடத்தச் சொன்னார். அக்டோபர் 3 மாலை, நாற்பத்து நான்கு அல்லது நாற்பத்தைந்து வயதில் இறைவனடி சேர்ந்தார்.

பொழுது சாய்ந்த அந்த நேரத்தில், வானம்பாடிகள் கூட்டமாக வந்து குடிசையின் கூரைக்கு மேலே வட்டமிட்டுப் பாடின. வெளிச்சத்தை விரும்பி இருட்டை வெறுக்கும் அந்தப் பறவைகள் அந்தி நேரத்தில் வந்ததைச் சகோதரர்கள் வியப்போடு பார்த்தார்கள். துறவியின் முக்காடு போன்ற கொண்டையும் மண் நிறச் சிறகும் கொண்ட வானம்பாடியை பிரான்சிஸ் உயிரோடிருந்தபோதே பெரிதும் நேசித்திருந்தார். நம் புன்செய்க் காடுகளிலும் வானம்பாடி உண்டு. மண்ணோடு மண்ணாக இருந்து, திடீரென்று மேலே எழும்பிப் பாடிக்கொண்டே இறங்கும் அந்தச் சிறு பறவையை அடுத்த முறை காணும்போது, இந்தப் புனிதரை நினைத்துக்கொள்வோம்.

இரண்டே ஆண்டில், 1228 ஜூலை 16 அன்று, திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சூழலியலை வளர்ப்போரின் பாதுகாவலராக அவரை அறிவித்தார். 2013இல் ஒரு திருத்தந்தை முதன்முறையாக அவருடைய பெயரை ஏற்றார். அந்தத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய, நம் பொது இல்லமான பூமியைப் பற்றிய சுற்றுமடலின் தலைப்பும் இருட்டறையில் பிறந்த அந்தப் பாடலிலிருந்து எடுக்கப்பட்டதே.

நாம் என்ன செய்யலாம்?

நம் மாவட்டத்திலேயே இந்த வழியில் நடந்த ஒருவர் உண்டு. கொடைக்கானல் மலையில் செண்பகனூர் இயேசு சபை இல்லத்தில் வாழ்ந்த பிரெஞ்சு நாட்டு அருள்பணியாளர் ஆங்லாட், 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பழனி மலைக் காடுகளில் நடந்து, அங்கே கண்ட செடிகளையும் பூக்களையும் ஒவ்வொன்றாக வண்ணத்தில் வரைந்து வைத்தார். யாரும் பெயர் கேட்காத காட்டுப் பூவின் முன் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பதும் ஒரு செபமே.

நாம் எல்லாரும் ஓவியர் ஆக முடியாது. ஆனால் ஞாயிறு மாலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் நடக்க முடியும். ஐந்து செடிகளின் பெயரைப் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். வயலில் ஓர் ஓரத்தை உயிர்வேலிக்கு விட்டுவைக்க முடியும். ஓடையில் நெகிழிப் பையை வீசாமல் இருக்க முடியும். பேச்சில்லாமல் இருக்கும் பக்கத்துக் காட்டுக்காரரிடம், மழை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்க முடியும். வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் கவனித்துப் பார்க்கும்படி நமக்குச் சொன்னவர் இயேசு. அதை நாம் அழகுப் பேச்சாக எண்ணிவிடுகிறோம். அவர் அதைக் கவலைக்கு மருந்தாகத் தந்தார்.

கடைசியாக அந்தப் பெரியவரிடம் திரும்புவோம். அவருக்கும் முன்பு சிறிது புன்செய் இருந்தது. மருத்துவச் செலவுக்கும் மகள் திருமணத்துக்கும் விற்றுவிட்டார். இன்று அது வீட்டு மனைகளாகி, வெள்ளைக்கல் நட்டுக் கிடக்கிறது. பிரான்சிஸ் தம் விருப்பப்படி ஏழையானார். இவரை ஏழையாக்கியது வாழ்க்கை. இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மறைத்து அவருக்கு மறையுரை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனாலும், தமக்குச் சொந்தமில்லாத நிலத்தில், தாம் பார்க்க முடியாத ஆவாரை பூத்ததா என்று அவர் கேட்டது, பொறாமையால் அல்ல. அன்பினால் கேட்டார்.

அடுத்த முதல் வெள்ளிக்கு முந்தைய நாள்களில் நாம் பார்த்து நடந்தோம். பாதையில் எதிர்ப்பட்ட ஆடு மேய்க்கும் அம்மாவிடம் தெரியாத செடிகளின் பெயரைக் கேட்டோம். நற்கருணையோடு அவர் வீட்டுக்குப் போனபோது, செபம் முடிந்ததும் நாமே தொடங்கினோம். ஆவாரை பூத்திருக்கிறது, ஓடையில் முழங்காலளவு தண்ணீர் போகிறது, சிறுமலை மூன்று நாளாக மேகத்துக்குள் இருக்கிறது, கிணற்று மேட்டில் மயில் குஞ்சுகளோடு திரிகிறது என்று சொன்னோம். கொண்டு போயிருந்த ஆவாரங்கொத்தை அவர் கையில் கொடுத்தோம். அவர் அதை முகர்ந்து பார்த்து, விரலால் ஒவ்வொரு பூவாகத் தடவி, தம் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

அன்பானவர்களே, நம் தெருவிலும் வெளியே வர முடியாத ஒருவர் இருப்பார். இந்த மழைக்காலத்தில் நாம் நடந்து கண்டதை அவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். கண் தந்த இறைவன், காணும் மனத்தையும் நமக்குத் தருவாராக. புனித அசிசி பிரான்சிசே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.